புல்வெட்டும் இயந்திரத்தின் பெல்ட் மூடியும் தீ அபாயமும்

பெல்ட் மூடி என்பது, அமர்ந்து ஓட்டும் புல்வெட்டும் இயந்திரத்தில் சுழலும் பெல்ட்டையும் கப்பிகளையும் மறைத்திருக்கும் இரும்புத் தகடு அல்லது பிளாஸ்டிக் உறையாகும். கையோ காலோ ஆடையோ பெல்ட்டில் சிக்காமல் காப்பது அதன் பணி. ஆனால் அந்த மூடியின் அடியிலேயே உலர்ந்த புல்துகள் சேர்ந்து, தீப்பிடிக்கக் காரணமாகிவிடுவதும் உண்டு. தொல்லை வேண்டாமென்று சிலர் மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுகிறார்கள். அது தவறு. ஏன் என்பதைக் கீழே காணலாம்.

நம் ஊர்களில் பரவலாகக் காணப்படும், தோளில் மாட்டிக்கொள்ளும் புல்வெட்டியில் இத்தகைய பெல்ட் கிடையாது. இங்கே பேசப்படுவது அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பெரிய புல்வெளியுள்ள வீடுகளிலும் பூங்காக்களிலும் சிறு டிராக்டர் போல ஓடும் இயந்திரம். 1830-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எட்வின் பட்டிங் காப்புரிமை பெற்ற முதல் புல்வெட்டும் இயந்திரம் கையால் தள்ளப்பட்டது; அதில் பற்சக்கரங்களே இருந்தன.

அமைப்பு

இயந்திரத்தின் வயிற்றுப் பகுதியில் கவிழ்த்த தட்டுப் போன்ற ஓர் இரும்புக் கூடு தொங்கும். அதனுள் இரண்டு அல்லது மூன்று கத்திகள் சுழலும். ஒவ்வொரு கத்தியின் தண்டும் கூட்டின் மேற்புறம் நீண்டு, அங்கே ஒரு கப்பியைத் தாங்கி நிற்கும். எஞ்சினிலிருந்து வரும் ஒரே பெல்ட் இந்தக் கப்பிகளையெல்லாம் வளைந்து வளைந்து சுற்றி ஓடும். கப்பிகளுக்கு மேலே திருகாணிகளால் பொருத்தப்பட்டிருப்பதுதான் மூடி.

மூடியின் தேவையை ஒரு சிறு கணக்கால் உணரலாம். 13 செ.மீ. விட்டமுள்ள கப்பியின் சுற்றளவு ஏறக்குறைய 41 செ.மீ. அது நிமிடத்துக்கு 3,000 முறை, அதாவது நொடிக்கு 50 முறை சுழன்றால், பெல்ட் ஒரு நொடியில் 20 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. பெல்ட் கப்பிக்குள் நுழையும் இடத்தில் விரல் பட்டால், 'ஐயோ' என்று சொல்லும் முன்பே விரல் போய்விடும்.

புல் எப்படிச் சேர்கிறது?

மூடி காற்றுப் புகாத பெட்டி அன்று. ஓரங்களில் திறந்தே இருக்கும். வெட்டிய புல்லின் நுண்துகள் காற்றில் எழும்பி அந்த இடைவெளிகளின் வழியே உள்ளே போய்ப் படியும். பச்சையாகப் படிந்தது ஈரத்தோடு அடையாக இறுகி இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்; வெயில் காலத்தில் அதே அடை சருகாகும். விறகுக் கட்டை எளிதில் பற்றாது, சிராய்த்தூள் உடனே பற்றும் என்பது மாணவர்கள் அறிந்ததே. குளிர்காலம் முழுதும் கொட்டகையில் நிற்கும் இயந்திரத்தில் எலிகள் கூடு கட்டி, இன்னும் கொஞ்சம் பஞ்சும் சருகும் சேர்த்து வைப்பதுண்டு.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

புல் அடைத்து ஒரு கப்பி இறுகிவிட்டால் பெல்ட் அதன்மேல் வழுக்கி உராயும். ரப்பர் கருகும் நெடி இதன் முதல் அறிகுறி. தண்டைத் தாங்கும் பேரிங்கில் கிரீஸ் வற்றினாலும், தண்டைச் சுற்றிக்கொண்ட புல்லும் நூலும் அதன் சீலை அறுத்தாலும் பேரிங் கொதிக்கத் தொடங்கும். பெரும்பாலும் கிறீச்சென்ற ஒலி கேட்கும்; அந்த ஒலியை அலட்சியம் செய்யக்கூடாது. இவற்றோடு எஞ்சினின் சைலன்சரும் இருக்கிறது. அதன் மேற்பரப்பு 300 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். அதன்மேல் படியும் காய்ந்த புல் கருகிக் கனலத் தொடங்க அது போதும். நெல் அறுவடை இயந்திரத்தில் வைக்கோல் தூசு புகைபோக்கிக் குழாயருகே சேர்ந்து தீப்பிடிப்பதும் இதே கதைதான்.

கத்தி கல்லில் மோதிப் பொறி பறப்பது வேறு வகை. 2004 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ஷாஸ்டா மாவட்டத்தில் புல்வெட்டும் இயந்திரத்தால் மூண்ட தீ பல பத்து வீடுகளை எரித்தது. அம்மாநிலத் தீயணைப்புத் துறை, காய்ந்த புல்லைக் காலை 10 மணிக்கு முன் வெட்டிவிடுமாறு மக்களுக்கு அறிவுறுத்துகிறது. காலையில் காற்றில் ஈரம் இருக்கும்.

நிறுத்திய பிறகுதான் கவனம்

பலரும் அறியாத செய்தி இது. ஓடும்போது எஞ்சினின் விசிறி காற்றை வீசிச் சூட்டைத் தணித்துக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் காற்று நின்றுவிடும். சூடு மட்டும் உலோகத்தில் தங்கிச் சுற்றிலும் பரவும். அப்போது புல்துகள் சுடர் இல்லாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும். புகைகூடத் தெரியாமல் போகலாம். வேலை முடித்தவர் குளிக்கப் போயிருப்பார். இயந்திரம் வீட்டை ஒட்டிய கார் கொட்டகையில், பெட்ரோல் கேனுக்குப் பக்கத்தில் நிற்கும். பெட்ரோலோ பனிக்குளிரிலும் பற்றக்கூடிய ஆவியை வெளிவிடுவது. ஆகவே இயந்திரம் நன்றாக ஆறும்வரை அதைத் திறந்தவெளியில், சிமென்ட் தரையிலோ வெறும் மண்ணிலோ நிறுத்த வேண்டும். பெட்ரோல் ஊற்றுவதும் ஆறிய பிறகே.

துப்புரவு

எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக்கின் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் மூடியின் திருகாணியில் கை வைக்க வேண்டும். கப்பியைக் கையால் சுற்றும்போது எதிர்பாராமல் எஞ்சின் உயிர்பெறுவதை இது தடுக்கும். தூரிகையாலோ காற்றடித்தோ துகளை அகற்றலாம். கண்ணாடி அணிவது நல்லது. வேகமாக நீர் பீய்ச்சுவதைத் தவிர்க்கவும். அது சீலைத் தாண்டிப் பேரிங்குக்குள் புகும். மூடி திறந்திருக்கும்போதே கப்பிகளைச் சுற்றிப் பார்த்தால், கரகரவென்று அரைப்பது எது என்று கைக்கே தெரிந்துவிடும். பெல்ட்டில் வெடிப்போ கண்ணாடி போன்ற மினுமினுப்போ இருந்தால் மாற்ற வேண்டும். பிறகு மூடியை எல்லாத் திருகாணிகளோடும் திரும்பப் பொருத்த வேண்டும். கம்பியால் கட்டிவைத்த மூடி அதிர்வில் சரிந்து பெல்ட்டிலேயே உராயும், அதுவும் சூடுதான். வறண்ட கோடையில் ஒவ்வொரு முறை வெட்டிய பின்பும் இந்தத் துப்புரவு தேவைப்படும். மற்றக் காலங்களில் இடைவெளி விட்டுச் செய்யலாம்.

ஓட்டும்போதே புகை கண்டால் எஞ்சினை நிறுத்தி, இறங்கி விலகிவிட வேண்டும். எஞ்சின் மூடியைச் சட்டெனத் திறந்தால் காற்றுப் புகுந்து கனல் சுடராகும். பெட்ரோல் எரியும்போது நீர் ஊற்றினால் தீ பரவும். உலர்தூள் தீயணைப்பான் ஏற்றது.