ராத்தங்கலின் கணக்கு

பொழுதுபோக்குப் பூங்காவை ஒட்டிய ரிசார்ட்டில் தங்கப் போகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கவனித்தால், மெத்தையைப் பற்றியும் ஏ.சி.யைப் பற்றியும் கேட்பவர்கள் குறைவு. அறை எத்தனை மணிக்குக் கிடைக்கும்? அதற்கு முன்பே வந்துவிட்டால் பெட்டியை எங்கே வைப்பது? வாடகையில் பூங்கா டிக்கெட்டும் சேர்த்தியா? ஆறு வயதுப் பையனுக்குத் தனிக் கட்டணம் உண்டா? வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் புளிசாதத்தை உள்ளே விடுவார்களா? நனைந்த துணியை எங்கே காயப்போடுவது? சில்லறைக் கேள்விகளாகத்தான் தெரியும். ஆனால் அந்த வியாபாரத்தின் உயிர் இவற்றில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட விடுதி விற்பது அறையை அல்ல, நேரத்தை; கூடவே, நாளைக்கு என்ன நடக்கும் என்ற நிச்சயத்தை. கல்வராயன் மலையைச் சுற்றுலாத் தலமாக வளர்க்க வேண்டும் என்று கள்ளக்குறிச்சியில் அடிக்கடி பேசப்படுகிறது. அங்கே குறைவது ராட்டினமோ நட்சத்திர விடுதியோ அல்ல, இந்தச் சில்லறைக் கேள்விகளுக்கான பதில்கள்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அந்த வியாபாரம் எப்படி உருவானது என்று பார்க்கலாம். அமெரிக்காவின் அனாஹைம் நகரில் டிஸ்னிலேண்ட் 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்டது. பூங்காவைக் கட்டி முடிப்பதற்குள் வால்ட் டிஸ்னியின் கை வறண்டுவிட்டது. விடுதி கட்டப் பணமில்லை. ஜாக் ராதர் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளர் அந்தப் பொறுப்பை ஏற்று, அதே ஆண்டு அக்டோபரில் டிஸ்னிலேண்ட் ஹோட்டலைத் திறந்தார். சுற்றியிருந்த நிலமெல்லாம் பிறருடைய விடுதிகளால் நிறைந்தது. ஆட்களை வரவழைத்தது பூங்கா. ராத்தங்கல் பணம் போனது அடுத்தவர் பெட்டிக்கு. ஃபுளோரிடாவில் நிறுவனம் விழித்துக்கொண்டது. ஏறத்தாழ 27,000 ஏக்கர் நிலத்தை முன்கூட்டியே வாங்கிப்போட்டு, 1971 அக்டோபரில் பூங்காவோடு சேர்த்தே தன் விடுதிகளையும் திறந்தது. அவற்றுள் ஒன்றின் கட்டடத்துக்குள்ளேயே மோனோரயில் புகுந்து போகும். இன்று அந்த விடுதிகளில் தங்குகிறவர்களுக்கு மற்றவர்களைவிட அரை மணி நேரம் முன்னதாகப் பூங்காவுக்குள் நுழையும் சலுகை உண்டு. வெளியில் தரமான அறை மலிவாகக் கிடைத்தாலும் அந்த அரை மணிக்காகவே கூடுதல் பணம் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஏமாளிகள் அல்லர். கூட்டம் சேர்வதற்கு முன் இரண்டு ரைடு ஏறிவிட்டால், பிற்பாடு வரிசையில் நிற்கும் இரண்டு மணி நேரம் மிச்சம்.

கள்ளக்குறிச்சிக் குடும்பம் ஒன்று இப்படித் தங்க நினைத்தால், மேட்டுப்பாளையம்–ஊட்டி சாலையில் நீலகிரி அடிவாரத்தில் இருக்கும் பிளாக் தண்டருக்குப் போகலாம். பெங்களூருவைத் தாண்டி, மைசூரு சாலையில் பிடதி அருகே உள்ள வொண்டர்லாவுக்கும் போகலாம். இரண்டிலும் வளாகத்தையொட்டியே தங்குமிடம் உண்டு. இங்கேதான் சில்லறைக் கேள்விகள் பெரிதாகின்றன. இப்படிப்பட்ட பூங்காக்கள் பெரும்பாலும் முற்பகலில் திறந்து மாலையில் மூடிவிடுகின்றன. விடுதிகளில் பகல் ஒரு மணி, இரண்டு மணிக்குத்தான் அறை தருவார்கள். மறுநாள் பதினொரு மணிவாக்கில் காலி செய்யச் சொல்வார்கள். ஆக, பூங்கா திறந்திருக்கும் நேரத்தில் பாதிக்கு நம் கையில் அறையே இருக்காது. அதனால் "அறை எப்படி இருக்கும்" என்பதைவிட, "பெட்டியை வாங்கி வைப்பீர்களா, காலி செய்த பிறகு குளித்து உடை மாற்ற இடம் தருவீர்களா" என்று கேட்பதே புத்திசாலித்தனம். பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வொண்டர்லா போன்ற பூங்காக்கள் குழந்தையை உயரத்தால் அளக்கின்றன. விடுதிகளோ வயதைக் கேட்கின்றன. ஒரே பிள்ளை அறைக்கணக்கில் குழந்தையாகவும், வளர்த்தி இருந்தால் வாசலில் பெரியவராகவும் ஆகிவிடலாம். புறப்படுவதற்கு முன் வீட்டுச் சுவரில் நிற்க வைத்து அளந்துகொள்வது நல்லது.

துணியும் அப்படியே. நீர்விளையாட்டில் பருத்தித் துணிக்கு அனுமதி இல்லாத இடங்கள் பல. நூல் பிசிறு வடிகட்டியை அடைக்கும், நனைந்தால் துணி கனத்து இழுக்கும் என்பதெல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் சேலையும் சுடிதாரும் மட்டும் எடுத்துக்கொண்டு வரும் பெண்கள் இதை வாசலில் வந்துதான் அறிகிறார்கள். கடைசியில் உள்ளேயிருக்கும் கடையில் சொன்ன விலைக்கு நைலான் உடுப்பு வாங்க வேண்டியதாகிறது. பணக் கணக்கில் தெரிந்திருக்க வேண்டியவை சில. ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய் வரை என்றால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். 7,400 ரூபாய் அறைக்கும் 7,600 ரூபாய் அறைக்கும் பில்லில் வரும் வித்தியாசம் 200 ரூபாயோடு நிற்காது. ஏறத்தாழ 1,200 ரூபாய் ஆகும். சாப்பாட்டு பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. மறுக்கலாம், மீறிக் கேட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. தண்ணீர் பாட்டிலில் மட்டும் சட்டம் விடுதிக்காரர் பக்கம்: பரிமாறும் சேவையும் சேர்ந்திருப்பதால் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்துவிட்டது.

இத்தனையும் தெரிந்த பிறகு, எந்த இரவு தங்குவது என்ற கேள்வி மிஞ்சுகிறது. முந்தைய இரவே போய் ரிசார்ட்டில் படுப்பது பெரும்பாலும் வீண்செலவு. அந்த வேலைக்கு ஊருக்குள் இருக்கும் சாதாரண லாட்ஜ் போதும். விளையாடி முடித்த இரவுதான் விலைபெறும். வெயிலிலும் தண்ணீரிலும் கிடந்த பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, தானும் களைத்த அப்பா ஐந்தாறு மணி நேரம் இருட்டில் வண்டி ஓட்டுவதைத் தவிர்க்க முடிந்தால், அந்த வாடகை தகும். ராத்தங்கலின் மதிப்பு அது தவிர்க்கும் அலைச்சலில் இருக்கிறது.

இதே அளவுகோலைக் கல்வராயன் மலைக்குக் கொண்டுபோனால் ஒரு வேடிக்கை தெரியும். தங்குவதற்கான நியாயம் அங்கேதான் அதிகம். தங்குவதற்கான தகவல் அங்கேதான் குறைவு. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி இது. சேர்வராயன், ஜவ்வாது, பச்சைமலை ஆகியவற்றின் உறவு. கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்தது. மலைக்கென்று தனி வட்டமும் உண்டு, தலைமையிடம் வெள்ளிமலை. கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைத் தொட்டு ஏறினால் பெரியார் அருவியும் மேகம் அருவியும் வருகின்றன. கரியாலூரில் படகு விடுகிறார்கள். சேலம் மாவட்டப் பக்கம் கருமந்துறையில் அரசுப் பழப்பண்ணை இருக்கிறது. கடுக்காய், தேன், சாமை, மரவள்ளி என்று மலையின் விளைச்சலும் சொல்லும்படியானதுதான். ரயிலில் வருகிறவர் சின்னசேலத்தில் இறங்கிப் பேருந்து மாற வேண்டும். மேலே ஏறி ஒரு அருவியைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்ற பரபரப்பிலேயே பகல் கழிந்துவிடுகிறது. மலையின் நல்ல நேரமான விடியற்காலையும் அந்தி மயங்கும் பொழுதும் பகல் பயணிக்குக் கிடைப்பதே இல்லை. அரை மணிக்குக் காசு கொடுக்கிறவர்கள் உலகில் இருக்கும்போது, ஒரு முழு விடியலுக்குக் கொடுக்க ஆள் இருக்காதா?

இருப்பார்கள், ஆனால் அவர்கள் கேட்பதற்கு யார் பதில் சொல்வது? இன்று அருவியில் தண்ணீர் வருகிறதா, வெள்ளம் காரணமாக வனத்துறை தடை போட்டிருக்கிறதா? கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு? இரவுச் சாப்பாடு சொல்லிவைத்தால்தான் கிடைக்குமா? கைப்பேசிக்கு சிக்னல் எங்கே அறுந்துபோகும்? மழைக்காலத்தில் கம்பளி தருவார்களா, நாமே கொண்டுபோக வேண்டுமா? அருவிக்கரையில் பெண்கள் உடை மாற்ற மறைவிடம் உண்டா? நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்து மருத்துவர் எங்கே? இவற்றுக்கெல்லாம் ஒரே இடத்தில் பொறுப்போடு பதில் சொல்ல ஆளில்லை. தெரிந்தவருக்குத் தெரிந்தவரை விசாரித்துக்கொண்டு போவதுதான் நடைமுறை. உள்ளூர்க்காரருக்கு அது போதும். கடலூரிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ முதல் தடவையாக வரும் குடும்பம் ஏற்காட்டுக்கே போய்விடும். ஏற்காட்டின் அழகு கூடுதல் என்று நான் ஒப்ப மாட்டேன். அங்கே போனால் என்ன கிடைக்கும் என்று முன்பே தெரியும்; வித்தியாசம் அவ்வளவுதான்.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. தகவல் பலகை வைத்தெல்லாம் ஊர் வளராது, பெரிய நிறுவனம் ஒன்று வந்து ரிசார்ட் கட்டினால்தான் சாலை வரும், வேலை வரும் என்பது முதலாவது. கவர்ச்சியான வாதம். ஆனால் நீர்விளையாட்டுப் பூங்கா என்றால் தண்ணீர் வேண்டும். கோமுகியின் தண்ணீருக்குக் கீழே வயல்கள் காத்திருக்கின்றன. நிலம் இன்னும் நுட்பமான விஷயம். மலையாளி பழங்குடி மக்கள் வாழும் மலை இது. ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து 1976இல்தான் முழுமையாக விடுபட்டது. இன்னொரு பெருமுதலாளி வருவதை அவர்கள் சந்தேகத்தோடு பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் கிராம சபையின் சொல்லுக்கு மதிப்புத் தருகிறது. நூறு அறை கொண்ட ஒரு விடுதியைவிட, மலைவாசிகளின் வீடுகளை ஒட்டி இரண்டிரண்டு அறைகளாக எழும் தங்குமிடங்களில் பணம் மலையிலேயே தங்கும்.

இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது: விவரமெல்லாம் வெளியே தெரிந்தால் கூட்டம் சேரும், பிளாஸ்டிக்கும் மதுப்புட்டியும் அருவியில் மிதக்கும். உண்மைதான், ஆனால் அந்தக் கூட்டம் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. காலையில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு ஏறி, குப்பையைப் போட்டுவிட்டு மாலையில் இறங்கும் பகல் கூட்டத்தால் மலைக்கு வருமானமும் இல்லை, அதைக் கட்டுப்படுத்த வழியும் இல்லை. தங்குகிறவரின் பெயரும் அடையாள அட்டையும் பதிவேட்டில் இருக்கும். அறைகளின் எண்ணிக்கையே கூட்டத்துக்கு வரம்பு. மூன்றாவதாக, பாதுகாப்பு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, மாவட்டத்தின் பெயரைக் கேட்டாலே தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதையொட்டித்தான் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், பிழைப்பு எல்லாம் அங்கே பேச்சுக்கு வந்தன. நேர்வழியில் பிழைக்க வேறு வழி வேண்டும் என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம் என்றால், விருந்தினருக்குச் சாமைச் சோறு பரிமாறிச் சம்பாதிப்பது நல்ல வழிகளில் ஒன்று. காடு ராட்டினமல்ல, மழைக்கு உத்தரவாதம் கேட்க முடியாது என்றும் சொல்வார்கள். மழைக்கு யாரும் உத்தரவாதம் கேட்கவில்லை. அருவி மூடியிருக்கிறது என்று காலை எட்டு மணிக்கே சொன்னால் போதும். அடிவாரத்திலிருந்து திரும்பிப் போகிறவருக்கு அருவி மூடியதில் கோபமில்லை, முன்பே சொல்லாததில்தான் கோபம்.

கோடை விழா என்று மலையில் பந்தல் போட்டுக் கலைநிகழ்ச்சி நடத்துகிறார்கள். அருவிகள் மெலிந்திருக்கும் பருவத்தில் விழா வைப்பது என்ன கணக்கோ தெரியவில்லை. அந்தச் செலவில் ஒரு சிறு பங்கு போதும்: கச்சிராயபாளையத்தில் ஒரு தகவல் மையம், மலைவாழ் இளைஞர்கள் எடுத்துப் பேசும் ஒரு தொலைபேசி எண், அனுமதி பெற்ற தங்குமிடங்களின் வாடகைப் பட்டியல், அருவிகளின் அன்றாட நிலவரம். சுற்றுலாத் துறையும் வனத்துறையும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்தால் ஒரே பருவத்தில் செய்துவிடக்கூடிய வேலை. அது வரும் வரை, மலைக்குப் போகிறவர்கள் பகல் பத்து மணிக்குள் அடிவாரத்தில் விசாரித்துவிட்டு ஏறுங்கள். தங்குமிடத்துக்கு முன்பணம் அனுப்பினால் வாடகை, சாப்பாடு, அறை கிடைக்கும் நேரம் மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டை மதியமே சொல்லிவிடுங்கள்.