இந்த ஆண்டு கேட்சர் யார்? ஒரு பேஸ்பால் அணி எப்படி முடிவெடுக்கிறது

பிப்ரவரி நடுவில் அமெரிக்காவின் அரிசோனாவிலும் ஃபுளோரிடாவிலும் பேஸ்பால் அணிகளின் பயிற்சி முகாம்கள் திறக்கும். முதலில் வந்து சேர வேண்டியவர்கள் இரண்டு வகையினர்தான்: பந்து வீசும் பிட்சர்கள், அதைப் பிடிக்கும் கேட்சர்கள். மற்றவர்கள் சில நாள் கழித்து வந்தால் போதும். பல அணிகளின் ரசிகர்களிடம் அன்றே ஒரு பேச்சு தொடங்கிவிடும்: இந்த சீசனுக்கு முதல் கேட்சர் யார்?

நீங்கள் பேஸ்பாலை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கலாம். அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போன இடத்தில் ஓர் ஆட்டம் பார்த்து, பாதியில் விட்டிருக்கலாம். இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் ஆட்டம் நன்றாகவே புரியத் தொடங்கும்.

கேட்சர் என்ன செய்கிறார்?

நம் விக்கெட் கீப்பரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இவர் வேலை அதைவிடப் பெரியது. அடுத்த பந்து எப்படி வர வேண்டும் என்று சொல்வதே பெரும்பாலும் இவர்தான். முன்பு விரலால் காட்டினார்கள். 2022 முதல் கையிலோ காலிலோ கட்டிய சிறு கருவியில் பொத்தானை அழுத்த, பிட்சரின் தொப்பிக்குள் குரலாகக் கேட்கிறது. மற்ற எட்டுப் பேரும் மட்டையாளரைப் பார்த்து நிற்க, இவர் ஒருவர்தான் முழு மைதானத்தையும் எதிரே பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

உட்கார்ந்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ 150 பந்துகள். ஒவ்வொன்றுக்கும் குந்தி உட்கார்ந்து எழ வேண்டும். ஒரு சீசனுக்கு 162 ஆட்டங்கள். பின்னால் வரும் பல முடிவுகளுக்கு இந்த உடல் உழைப்புதான் காரணம்.

அப்படியானால் நன்றாக மட்டை அடிப்பவரைத்தானே எடுக்க வேண்டும்?

புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான். இல்லை என்பது என் கருத்து. கேட்சரின் மட்டையை நான் கடைசியில்தான் பார்ப்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

பிட்சர் வீசும் பந்து, தரையில் பதித்த 17 அங்குல அகலத் தகட்டுக்கு மேலே, மட்டையாளரின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே வந்தால் அது ஸ்ட்ரைக் (மட்டையாளருக்கு எதிராகக் கணக்காகும் பந்து). மூன்று ஆனால் அவுட். வெளியே போனால் பால் (பிட்சருக்கு எதிராகக் கணக்காகும் பந்து). நான்கு ஆனால் மட்டையாளர் அடிக்காமலே முதல் தளத்துக்கு (ரன் எடுக்கச் சுற்றி வர வேண்டிய தளங்களில் முதலாவது) நடந்து போகலாம். எல்லையோரம் வரும் பந்து எது என்பதை நடுவர் கண்ணால் பார்த்துச் சொல்வார். கேட்சரின் கை வேலை செய்யும் இடம் இதுதான்.

பந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழே வருகிறது என்று வையுங்கள். சாதாரணக் கேட்சர் கையுறையை மேலே வைத்துக் காத்திருந்து, பந்தோடு சேர்த்துக் கீழே கொண்டுபோவார். பார்க்கும் கண்ணுக்குப் பந்து தாழ்ந்ததாகவே படும். கைதேர்ந்தவர் கையுறையை முன்னமே தரையருகே இறக்கிவிடுவார். பந்து வரும்போது கை கீழிருந்து மேலே எழும். பந்தைச் சந்தித்த வேகத்திலேயே எல்லைக்குள் வந்து நிற்கும். உலுக்கல் இருக்காது. நடுவர் ஸ்ட்ரைக் என்பார். இதை ஃபிரேமிங் (பந்தை எல்லைக்குள் வந்ததுபோல் பிடித்துக்காட்டுவது) என்பார்கள்.

இதற்கு என்ன மதிப்பு? இப்படிக் கிடைக்கும் ஒரு ஸ்ட்ரைக் ஏறத்தாழ ஒரு ரன்னில் எட்டில் ஒரு பங்கு என்று கணக்கிடுகிறார்கள். பத்து ரன் மிச்சம் பிடித்தால் சுமார் ஒரு வெற்றி. ஆக எண்பது ஸ்ட்ரைக்குகளைக் கூடுதலாகப் பெற்றுத்தரும் கேட்சர், மட்டையைத் தொடாமலே அணிக்கு ஒரு வெற்றியைக் கொடுத்துவிடுகிறார். சீசன் முழுக்கப் பல்லாயிரம் பந்து பிடிப்பவருக்கு எண்பது பெரிய எண்ணிக்கை இல்லை.

உண்மையில் அப்படித் தேர்ந்தெடுத்த அணி உண்டா?

சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ். அங்கே பஸ்டர் போஸி என்ற கேட்சர் 2010, 2012, 2014 என மூன்று முறை உலகத் தொடரை (சீசன் முடிவில் நடக்கும் சாம்பியன் பட்டத் தொடர்) வெல்ல முன்னின்றவர். 2021-இல் அணி 107 ஆட்டங்களை வென்றது. அந்த சீசன் முடிந்ததும் போஸி 34 வயதில் ஓய்வு பெற்றுவிட்டார்.

அவர் இடத்துக்கு என்றே அணி ஒருவரை வளர்த்துவந்தது. 2018-ஆம் ஆண்டின் புது வீரர் தேர்வில் நாடு முழுக்க இரண்டாவதாக எடுக்கப்பட்ட ஜோயி பார்ட். பலசாலி, பந்தைத் தூரமாக அடிப்பவர். 2022-இல் இடம் அவருக்கே வந்தது. ஆனால் பந்து மட்டையில் படாமல் அவுட் ஆவது கூடிக்கொண்டே போக, நடு சீசனில் கீழ்நிலை லீக்குக்கு அனுப்பப்பட்டார்.

2023-இல் அணி இன்னும் சிலரை வைத்துப் பார்த்தது. அனுபவசாலியான ராபர்ட்டோ பெரெஸுக்கு ஏப்ரலிலேயே தோள் காயம், சீசன் முடிந்தது. மே மாதம் பார்ட்டுக்கும் காயம். வேறு வழியில்லாமல் பேட்ரிக் பெய்லி என்ற இளைஞரைக் கூப்பிட்டார்கள். பிப்ரவரியில் யாரும் முதல் கேட்சர் என்று எண்ணாத பெயர் அது. சில வாரங்களில் அந்த இடம் அவருடையதாகிவிட்டது.

பெய்லியின் மட்டை சுமார்தான். 2025-இல் அவர் சராசரி .222, அதாவது நூறு முயற்சியில் இருபத்திரண்டு முறை பந்தை அடித்துத் தளம் சேர்ந்தார். இது குறைவு. ஆனாலும் அணி அவரை மாற்றவில்லை. ஃபிரேமிங்கில் நாட்டிலேயே முதல் வரிசையில் இருந்தார். 2024, 2025 இரண்டு ஆண்டும் தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருது வாங்கினார். அந்த முடிவு சரி என்றே நான் நினைக்கிறேன்.

பார்ட் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். ஒரு வீரரைக் கீழ்நிலை லீக்குக்கு அனுப்பித் திரும்பக் கூப்பிட அணிக்குப் பொதுவாக மூன்று சீசன்கள் வரைதான் உரிமை. அது தீர்ந்துவிட்டால், மற்ற அணிகள் எடுத்துக்கொள்ள வாய்ப்புக் கொடுத்த பிறகே அனுப்ப முடியும். 2024-இல் பார்ட்டுக்கு அது தீர்ந்திருந்தது. அணியில் இடமில்லாமல் பிட்ஸ்பர்க் அணிக்குப் போனார். அங்கே அந்த ஆண்டே 13 ஹோம் ரன் (நம் சிக்சர்போல் பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது) அடித்தார். நீங்கள் ஒரு பட்டியலைப் பார்த்து, “இவர் அவரைவிட நன்றாக ஆடுகிறாரே, ஏன் அனுப்பிவிட்டார்கள்?” என்று குழம்பினால், முதலில் இந்த உரிமை மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் விடை அதில் இருக்கும்.

தேர்வில் பணத்துக்கும் பங்கு உண்டு. அட்லாண்டா பிரேவ்ஸ் அணி ஷான் மர்ஃபியுடன் ஆறு ஆண்டுக்கு 7.3 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டிருந்தது. அவ்வளவு பணம் வாங்குபவரைச் சும்மா உட்கார வைக்க எந்த அணிக்கும் மனம் வராது. 2025 முகாமில் அவருக்கு விலா எலும்பு முறிய, டிரேக் பால்ட்வின் என்ற புதியவர் சீசனைத் தொடங்கினார். மர்ஃபி திரும்பி வந்த பிறகும் பால்ட்வினை ஒதுக்க முடியவில்லை. அந்த ஆண்டு நேஷனல் லீக்கின் (மேஜர் லீக் என்ற முதல்நிலை லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) சிறந்த புதுமுகம் பால்ட்வின்தான்.

மட்டையும் கையும் சேர்ந்து வந்தால்?

அது அபூர்வம். சியாட்டில் அணியின் கால் ராலி 2025-இல் 60 ஹோம் ரன் அடித்தார். அதற்குமுன் கேட்சர் ஒருவர் ஒரு சீசனில் அடித்த அதிகபட்சம் 48 தான். தடுப்பாட்டத்திலும் அவர் விருது வாங்கியவர். இப்படி ஒருவர் இருந்தால் அந்த அணிக்கு இந்தக் கேள்வியே இல்லை.

விதிகள் மாறினால் தேர்வும் மாறுமா?

மாறுகிறது. 2023-இல் தளங்களின் பக்க அளவை 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கினார்கள். ஓடுபவரைத் தடுக்க பிட்சர் செய்யும் முயற்சிகளுக்கும் கட்டுப்பாடு வந்தது. முந்தைய ஆண்டு 2,486 ஆக இருந்த தளத்திருட்டுகள் (பந்து வீசும்போதே அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவது) ஒரே ஆண்டில் 3,503 ஆயின. கேட்சர் குந்திய நிலையிலிருந்து எழுந்து, 127 அடிக்கு அப்பால் இருக்கும் இரண்டாம் தளத்துக்குப் பந்தை எறிய வேண்டும். பந்து கையில் விழுந்ததிலிருந்து அங்கே போய்ச் சேர இரண்டு விநாடி ஆனால் சராசரி, 1.9 என்றால் மிக நன்று. கையின் வலிமை மறுபடி முக்கியமாகிவிட்டது.

2026 சீசனிலிருந்து இன்னொரு மாற்றம். நடுவரின் தீர்ப்பு தவறு என்று பட்டால் மட்டையாளர், பிட்சர், கேட்சர் மூவரில் ஒருவர் உடனே தலையைத் தட்டி மேல்முறையீடு செய்யலாம்; கேமராக் கணக்கு தீர்ப்புச் சொல்லும். ஓர் அணிக்கு இரண்டு வாய்ப்பு. வென்றால் வாய்ப்பு குறையாது. கேட்சர் பிடித்துக்காட்டி வாங்கிய ஸ்ட்ரைக்கை எதிரணி இனிப் பறிக்கலாம். ஆனால் எல்லாப் பந்துக்கும் இது நடக்காது. ஆகவே ஃபிரேமிங் செத்துவிடாது. எந்தப் பந்துக்குக் கேட்கலாம், எதற்குக் கேட்கக் கூடாது என்ற நிதானம் கேட்சரிடம் புதிதாகத் தேவைப்படுகிறது.

எண்ணில் வராதது எதுவும் இல்லையா?

இருக்கிறது. பிட்சர்கள் ஒரு கேட்சரை நம்ப வேண்டும். செயின்ட் லூயிஸ் அணியில் ஆடம் வெயின்ரைட் வீச யாடியர் மொலினா பிடிக்க, 328 ஆட்டங்களை இருவரும் சேர்ந்து தொடங்கினார்கள். மேஜர் லீக் சாதனை அது. முகாமில் பிட்சர்கள் யாரிடம் வீச ஆசைப்படுகிறார்கள் என்பதைப் பயிற்சியாளர்கள் உன்னிப்பாகக் கவனிப்பார்கள். நீங்களும் பிட்சர்களின் பேட்டிகளைப் படியுங்கள். முகாமில் எடுத்த ஓட்டக் கணக்கைவிட அது நம்பகமானது. முகாமில் எதிரே வீசுபவர்கள் பலர் கீழ்நிலை லீக் பையன்கள், ஆட்டங்களும் குறைவு.

முதல் கேட்சர் என்றால் எல்லா ஆட்டமும் ஆடுவாரா?

மாட்டார். 162-இல் 110, 120 ஆட்டம் தொடங்கினாலே அதிகம். மிச்சம் இரண்டாமவருக்கு. பெய்லி 2023-இல் வந்த புதிதில் நன்றாக அடித்தார்; சீசன் கடைசியில் களைத்து மட்டை படுத்துவிட்டது. மறு ஆண்டும் பிற்பாதியில் அப்படியே. எனவே ஓர் அணியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் முன் இரண்டாம் கேட்சர் யார் என்று பாருங்கள். அந்த இடம் பலவீனமாக இருந்தால், சீசன் முடியும் செப்டம்பரில் முதலாமவர் நடக்க முடியாமல் நிற்பார்.

கடைசியாக, மைதானத்துக்கே போய்ப் பார்ப்பவர்களுக்கு ஒன்று. சனி இரவு ஆடிவிட்டு ஞாயிறு மதியம் மறுபடி ஆட்டம் இருந்தால், பெரும்பாலும் முதல் கேட்சருக்கு அன்று ஓய்வு. நீங்கள் பார்க்க விரும்பும் கேட்சருக்காக டிக்கெட் எடுப்பதானால் இரவு ஆட்டமாகப் பார்த்து எடுங்கள். அன்றைய ஆட்டக்காரர் பட்டியலை அணிகள் வழக்கமாகச் சில மணி நேரம் முன்பே வெளியிட்டுவிடும். அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.