பூட்டை மாற்றினேன்... அப்பத்தா உள்ளே!



"திண்டுக்கல்காரனுக்குப் பூட்டைப் பத்தி யாராவது சொல்லித் தரணுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படி நினைத்துத்தான் மாட்டிக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. சின்ன வயதிலிருந்து மாங்காய்ப் பூட்டைப் பார்த்து வளர்ந்தவன் நான். போதாக்குறைக்கு மெக்கானிக்கல் டிப்ளமோ வேறு! அப்படிப்பட்ட நான், வீட்டுக் கதவின் பூட்டை மாற்றப் போய், என் அப்பத்தாவையே உள்ளே வைத்துப் பூட்டிவிட்ட கதை இது. கதையோடு கதையாகப் பூட்டு மாற்றும் முறையையும் சொல்லிவிடுகிறேன். நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.

சாவியும் போச்சு, முகவரியும் போச்சு!

டவுன் பஸ்ஸில் அம்மாவின் கைப்பை தொலைந்து போனது. பணம் அதிகமில்லை. ஆனால் பைக்குள் வீட்டுச் சாவி இருந்தது. கூடவே முகவரியோடு ஆதார் ஜெராக்ஸும் இருந்தது. பையை எடுத்தவன் நேரே வந்து கதவைத் திறக்கலாம். அப்பா வேலைக்காகத் திருப்பூரில் இருக்கிறார். அன்று இரவு அம்மா தூங்கவே இல்லை. கதவுக்குப் பின்னால் கிரைண்டரை நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். காலையில் என்னைப் பார்த்து, "மூணு வருஷமா படிக்கிறியே, ஒரு பூட்டு மாத்தத் தெரியாதா?" என்றார். மானப் பிரச்சினை! வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினேன்.

கடைக்காரர் கேட்டார், "முழுப் பூட்டா தம்பி, சிலிண்டர் மட்டுமா?" எனக்கு வித்தியாசம் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "முழுசாவே குடுங்கண்ணே" என்றேன், பெரிய என்ஜினியர் மாதிரி. முதல் தப்பு அதுதான்.

பூட்டுக்குள் என்ன இருக்கிறது?

கதவின் கனத்துக்குள் பதிந்திருக்கும் பூட்டை மார்ட்டிஸ் லாக் என்பார்கள். அதில் மூன்று பாகம் உண்டு. ஒன்று, கதவுக்குள் புதைந்திருக்கும் இரும்புப் பெட்டி. அதிலிருந்து வெளியே நீளும் துண்டைத்தான் நாக்கு என்கிறோம். இரண்டு, சாவி நுழைகிற சிலிண்டர். மூன்று, நிலையில் அடித்திருக்கும் தகடு. நாக்கு அந்தத் தகட்டின் துளைக்குள் போய் உட்கார்ந்தால்தான் கதவு பூட்டும்.

சாவியின் ரகசியம் எல்லாம் சிலிண்டரில்தான். உள்ளே வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள். பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு. ஒவ்வொன்றிலும் கீழே ஒரு பின், மேலே ஒரு பின், அதற்கும் மேலே ஒரு ஸ்பிரிங். சரியான சாவியைப் போட்டால், அதன் பல்வெட்டு எல்லாப் பின்களையும் தூக்கி, இரண்டு பின்களும் சேருகிற இடத்தை ஒரே கோட்டில் நிறுத்தும். அப்போதுதான் சிலிண்டர் சுழலும். ஒரு பின் கொஞ்சம் ஏறி இறங்கி நின்றாலும் நகராது. தட்டையான சாவியோடு இந்த அமைப்பை 1860-களில் உருவாக்கியவர் அமெரிக்காவின் லைனஸ் யேல் ஜூனியர். நம் பாக்கெட்டில் கிடக்கும் சாவி இன்றும் அந்த வம்சம்தான்!

ஆகவே நண்பர்களே, சாவி தொலைந்து போய், பூட்டு நன்றாக இருந்தால், சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் ஓரத்தில் சாவித் துளைக்கு நேராக இருக்கும் நீள ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் சாவியைப் போட்டுக் கொஞ்சமாகத் திருப்பினால், நடுவில் துருத்தி நிற்கும் துண்டு உள்ளே அடங்கும். சிலிண்டர் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். ஸ்க்ரூ துளையிலிருந்து இரண்டு பக்கமும் எத்தனை மி.மீ. என்று அளந்து, அதே அளவில் புதுசு வாங்குங்கள். இன்னும் நல்லது, பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டு போவது. பத்து நிமிட வேலை, செலவும் குறைவு. இது எனக்குத் தெரிந்தது, எல்லாம் முடிந்த பிறகு!

அந்த இருபது நிமிடம்

நான் வாங்கிய புதுப் பெட்டி, பழையதைவிடக் கொஞ்சம் உயரம். உளியால் கதவைக் கொத்திப் பெரிதாக்கி ஒரு வழியாக உட்கார வைத்தேன். நாக்கு பழைய இடத்தைவிட 3 மி.மீ. கீழே வந்துவிட்டது. நிலையில் இருந்த தகட்டின் துளையை அரத்தால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, "போதும்" என்று விட்டுவிட்டேன். வெளியே போய்க் கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பினேன். இறுக்கமாக இருந்தது. கதவை ஒரு உலுக்கு உலுக்கி, பலத்தைப் போட்டுத் திருப்பினேன். 'டக்'. பூட்டிவிட்டது! பெருமையோடு திறக்கப் போனால்... சாவி அசையவில்லை.

எங்கள் போர்ஷனுக்கு ஒரே வாசல். சன்னலெல்லாம் கம்பி. உள்ளே அப்பத்தா மட்டும், அடுப்பில் பால். புதுச் சாவி மூன்றும் என் பாக்கெட்டில்!

"அப்பத்தா, முதல்ல அடுப்ப அணைச்சிடு" என்று கத்தினேன். அணைத்துவிட்டு வந்தவர், "என்னாடா ஆச்சு? ஏன் தொறக்க மாட்டேங்குற?" என்றார். அவருக்கு பிரஷர் உண்டு. குரலில் நடுக்கம் தெரிந்தது. எனக்குக் கை வேர்த்துவிட்டது. சாவியை முறுக்க முறுக்க அது வளைவது போல் இருந்தது. உடைந்து உள்ளேயே நின்றால் கதவை உடைப்பதைத் தவிர வழியில்லை.

இருபது நிமிடம் இப்படியே போனது. கடைசியில் அப்பத்தாதான் உள்ளேயிருந்து சொன்னார்: "ஏண்டா, மழைக்காலத்துல கதவு இறுகுனா உங்க தாத்தா கைப்பிடியத் தூக்கிப் பிடிச்சுல்ல தொறப்பாரு. தூக்கிப் பாரு ராசா."

கைப்பிடியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சாவியைத் திருப்பினேன். திறந்துகொண்டது!

காரணம் எளியது. நாக்கு, துளையின் கீழ் விளிம்பில் நெரிந்து கிடந்தது. கதவின் பாரம் முழுதும் அதன் மேல். கதவைத் தூக்கியதும் பாரம் விலகியது, நாக்கும் விட்டது. நாம் வகுப்பில் 'உராய்வு' என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, அதுதான்.

பிறகு சரியாகச் செய்தது

ஃபிட்டிங் ஷாப்பில் இரண்டு பரப்பு சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க நீல மை தடவுவோம் அல்லவா? வீட்டில் அது ஏது? அப்பத்தாவின் குங்குமத்தை எண்ணெயில் குழைத்து நாக்கின் நுனியில் தடவினேன். கதவைச் சாத்தி, நாக்கு நிலையில் முட்டும் வரை மட்டும் சாவியைத் திருப்பி, திரும்ப எடுத்தேன். தகட்டில் சிவப்பு எங்கே ஒட்டியதோ, அங்கேதான் தேய்க்க வேண்டும். அரை மணி நேரம் அரம் போட்டேன். பிறகு ஒற்றை விரலால் பூட்டித் திறக்க முடிந்தது.

நீங்கள் நினைவில் வைக்க வேண்டியவை:

1. முதலில் கீலைப் பாருங்கள். கதவு தொங்கியிருந்தால் எந்தப் பூட்டும் பொருந்தாது. கீல் ஸ்க்ரூ ஆடினால், துளைக்குள் தீக்குச்சியில் ஃபெவிகால் தடவிச் செருகி, காய்ந்த பிறகு முடுக்குங்கள்.

2. முழுப் பூட்டு வாங்கினால் மூன்று அளவு வேண்டும்: கதவின் விளிம்பிலிருந்து சாவித் துளை வரை, கைப்பிடியின் மையத்திலிருந்து சாவித் துளை வரை, பெட்டியின் உயரமும் ஆழமும்.

3. சிலிண்டர், கைப்பிடித் தகட்டுக்கு வெளியே துருத்தி நிற்கக் கூடாது. துருத்தினால் திருடன் குறடால் பிடித்து உடைக்க வசதி.

4. கதவைத் திறந்து வைத்தபடியே பத்துத் தடவை பூட்டித் திறந்து பாருங்கள். அதன் பிறகே சாத்துங்கள். முதல் தடவை சாத்தும்போது உள்ளே ஒருவரிடம் ஒரு சாவி இருக்கட்டும்.

5. வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு, உள்பக்கம் சாவிக்குப் பதில் திருகும் குமிழ் உள்ள சிலிண்டர் நல்லது. தீ, கீ என்றால் சாவி தேட வேண்டாம்.

6. சாவித் துளைக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசி பிடித்து இறுகும். பென்சில் கரியைப் பொடி செய்து போடுங்கள்.

நண்பர்களே, திருடன் வராமல் இருக்க என்ன செய்வது என்று மட்டுமே நான் யோசித்தேன். உள்ளே இருப்பவர் வெளியே வர வேண்டும் என்பதை யோசிக்கவில்லை. பூட்டு என்றால் பூட்டுவது பாதி, திறப்பது பாதி.

அன்று இரவு அம்மா நிம்மதியாகத் தூங்கினார். கிரைண்டர் பழைய இடத்துக்குப் போனது. அப்பத்தா மட்டும், இப்போதும் நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தால், "இரு ராசா, நான் வெளியில போய் உக்காந்துக்கிறேன்" என்கிறார்!

— மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை