மட்டக்களப்பு பொய்ப்பித்த ஆரூடங்கள்

சென்ற வாரம் வெருகல் ஆற்றங்கரையில் நிறுத்தியிருந்தோம். 2004 ஏப்ரலில் வன்னியிலிருந்து இறங்கிய புலிகளும், அவர்களிடமிருந்து பிரிந்த கருணா அணியினரும் மோதிய இடம் அது. ஒரே பாசறையில் உண்டு உறங்கிய பிள்ளைகள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். அங்கிருந்து மூன்றே ஆண்டுகள். 2007 ஜூலை 11ஆம் திகதி, கிழக்கில் புலிகளின் கடைசித் தளமான குடும்பிமலை இராணுவத்தின் கைக்குப் போனது. அடுத்த வாரமே கொழும்பு சுதந்திர சதுக்கத்தில் வெற்றி விழா. அரசாங்கம் 'கிழக்கின் உதயம்' என்று பெயர் சூட்டி வீதிகளுக்கும் பாலங்களுக்கும் அடிக்கல் நாட்டத் தொடங்கியது. இனிக் கிழக்கின் அரசியல் எப்படிப் போகும் என்று ஆரூடம் சொல்லாதவர் அன்றைக்குக் கொழும்பிலும் இல்லை, யாழ்ப்பாணத்திலும் இல்லை, ரொறன்ரோவிலும் இல்லை.

கொழும்பு சொன்னது இது: மின்சாரமும் தார் வீதியும் வரட்டும், கிழக்கு தன்பாட்டில் வடக்கை மறந்துவிடும். யாழ்ப்பாணமும் புலம்பெயர்ந்தோரும் சொன்னது இது: முதுகுக்குப் பின்னால் துவக்கு நிற்கும் வரைதான் இந்த வேடிக்கை. துவக்கு அகன்றால் மட்டக்களப்பு முழுதாகத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பிடம் திரும்பிவிடும்.

முதல் ஆரூடத்துக்கு ஆரம்பத்தில் யோகம் நன்றாகத்தான் இருந்தது. 2008 மார்ச்சில் மட்டக்களப்பின் உள்ளூராட்சி சபைகளில் பெரும்பாலானவை, கருணா அணியிலிருந்து வந்த பிள்ளையானின் தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சியின் வசமாயின. மே 10ஆம் திகதி நடந்த மாகாண சபைத் தேர்தலில் மொத்தம் 37 ஆசனங்களில் 20ஐ ஆளும் கூட்டணி எடுத்தது. பிள்ளையான் முதலமைச்சர். ஆனால் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அந்தத் தேர்தலில் போட்டியிடவே இல்லை. பெரிய மல்லன் இறங்காத கோதாவில் வென்றவனைப் பார்த்து, ஊரின் மனசு இதுதான் என்று எழுதியவர்கள் எத்தனை பேர்!

இரண்டு வருடம்கூட ஆகவில்லை. 2010 ஜனவரி ஜனாதிபதித் தேர்தலில் மட்டக்களப்பு மாவட்டம் நூற்றுக்கு 69 என்ற அளவில் சரத் பொன்சேகாவுக்குப் புள்ளடி போட்டது. கிழக்கைப் பிடித்த இராணுவத்தின் தளபதிக்கே! அவர்மேல் பிரியம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். மஹிந்த ராஜபக்‌ஷவுக்கு எதிரே நின்றவர் அவர், அவ்வளவுதான். அந்த ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தபோது மாவட்டத்தின் ஐந்து ஆசனங்களில் மூன்று கூட்டமைப்புக்கு.

அத்தோடு இரண்டாவது ஆரூடக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்தினார்கள். 2015இலும் அதே மூன்று ஆசனம். பிறகு வந்தது 2020.

அதை 2019 நவம்பரிலிருந்து பார்க்க வேண்டும். அந்த ஜனாதிபதித் தேர்தலில் மட்டக்களப்பில் சஜித் பிரேமதாசவுக்கு 78 சதவீதத்துக்கும் மேல், கோட்டாபயவுக்குப் 13 சதவீதம்கூட இல்லை. ஒன்பது மாதம் கழித்து வந்த நாடாளுமன்றத் தேர்தலில், அதே கோட்டாபயவின் பக்கம் நின்ற பிள்ளையான், கூட்டமைப்பு நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் கொலை வழக்கில் விளக்கமறியலில் இருந்தபடியே, 54,198 விருப்பு வாக்குகள் எடுத்தார். மாவட்டத்தில் வேறு எவருக்கும் அவ்வளவு இல்லை. (2021 ஜனவரியில் அந்த வழக்கிலிருந்து விடுதலையானார். 2025 ஏப்ரலில் வேறொரு விசாரணையில் மீண்டும் கைதானார்.)

இந்த எண்ணைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். நமது வாக்குச்சீட்டில் முதலில் கட்சிச் சின்னத்துக்கு எதிரே புள்ளடி. அதற்குப் பிறகு, விரும்பினால், கீழே மூன்று பேரின் இலக்கங்கள் வரை. பிள்ளையான் கட்சியின் படகுக்கு விழுந்த மொத்த வாக்கு 67,692. அதாவது படகுக்குப் புள்ளடி இட்ட ஐந்து பேரில் நான்கு பேர் அவருடைய இலக்கத்தையும் தேடிப்பிடித்து அடையாளமிட்டிருக்கிறார்கள். அது ஒரு மனிதருக்கு விழுந்த வாக்கு. ஆனால் மாவட்ட வாக்குகளில் படகின் பங்கு கால்வாசிகூட இல்லை. கூட்டமைப்பின் வீட்டுச் சின்னத்துக்கு அப்போதும் 79,460. 'மட்டக்களப்பு பிள்ளையானைத் தேர்ந்தெடுத்தது' என்று தலைப்புப் போட்ட பத்திரிகைகள் இந்த இரண்டாவது எண்ணைப் பார்க்கவில்லை.

சரி, அந்தக் கால்வாசிக்குக் கிட்டிய பங்கு எங்கிருந்து வந்தது? வீதியும் பாலமும் ஒரு காரணம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும்வரை, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்காரர் அந்தத் துறையில் மோட்டார் சைக்கிளையும் நெல்மூட்டையையும் 'பாதை'யில் ஏற்றி வாவியைக் கடந்தவர்கள். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு இன்னமும் அந்த மிதக்கும் தட்டுத்தான் ஓடுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகப் பாதைக்குக் காத்து நின்றவனிடம் பாலத்தைப் பற்றி இளக்காரமாகப் பேச முடியாது.

பெரிய காரணம் வேறு. 2012 மாகாண சபையில் கூட்டமைப்புக்குப் 11 ஆசனம், முஸ்லிம் காங்கிரசுக்கு 7. முதலமைச்சர் பதவியைத் தருகிறோம் என்று கூட்டமைப்பு அப்போதே கேட்டும், காங்கிரஸ் அரசாங்கத்தோடு போனது. ஆட்சி மாறிய 2015இல் காங்கிரசின் நஸீர் அஹமட் முதலமைச்சரானார், கூட்டமைப்பு அமைச்சரவையில் சேர்ந்தது. கூட்டமைப்பின் தலைவர் சம்பந்தனின் கணக்கில் அது இன நல்லிணக்கம். மட்டக்களப்புத் தெருவில், பதினொன்று வைத்திருப்பவன் ஏழு வைத்திருப்பவனுக்குக் கதிரையைக் கொடுத்த கதை. அதன்மேல் 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று குண்டு வெடித்த சீயோன் தேவாலயம்.

கொழும்பும் யாழ்ப்பாணமும் அரசையும் தமிழரையும் மட்டுமே எதிரெதிரே நிறுத்தி ஆரூடம் சொன்னார்கள். இங்கே பக்கத்து ஊரையும் பார்த்துத்தான் புள்ளடி விழுகிறது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் கொல்லப்பட்டதும், அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள் அழிக்கப்பட்டதும் சில மைல் இடைவெளியில். இரண்டு பக்கத்துப் பயமும் உண்மைப் பயம். அதோடு, புலிகளின் ஆட்சியில் வாயை மூடிப் பழகி, பின்னர் ஆயுதக்குழுவின் காலத்திலும் அதே பழக்கத்தில் இருந்த சனம், கிடைக்கும் சீட்டுக்குத் தக்கபடி கணக்கைப் பிரித்து வைத்திருக்கிறது. ஜனாதிபதித் தேர்தலில் யார் வரக்கூடாது என்பது. மற்றத் தேர்தல்களில் யார் தன் பக்கம் நிற்பான் என்பது. ஒன்றின் விடையை மற்றதில் எழுதினால் பிழைக்கும்.

2024 நவம்பரில் அப்படித்தான் பிழைத்தது. அநுர குமாரவின் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களோடு நாட்டையே அள்ளியது. யாழ்ப்பாணம்கூட அதன் பக்கம் சாய்ந்தது. இருபத்திரண்டு தேர்தல் மாவட்டங்களில் அது முதலிடம் பிடிக்காத ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. கூட்டமைப்பின் தலைமைக் கட்சியாக இருந்த தமிழரசுக் கட்சிக்கு மூன்று ஆசனம். பிள்ளையானுக்கு ஒன்றும் இல்லை. வடக்கை மறந்துவிடும் என்று சொல்லப்பட்ட மாவட்டம், வடக்கு கைவிட்ட கட்சியைத் தூக்கிப் பிடித்திருக்கிறது!

வாக்காளர் தம் தீர்ப்பைத் திருத்த இன்னோரிடத்தில் வாய்ப்பு எப்படி இருந்தது என்பதற்கு, எங்களைப் போலவே 2004 சுனாமியில் அடிபட்ட இந்தோனேசியாவின் ஆச்சேயைப் பாருங்கள். இந்தோனேசியச் சிறையில் கிடந்த போராளி இர்வாண்டி யூசுப், அலை வந்த நாளில் தப்பி, 2006 டிசம்பரில் ஆளுநராகத் தேர்வானார். 2012இல் தோற்றார், 2017இல் வென்றார், மறுவருடம் ஊழல் வழக்கில் கைதானார். அங்கே வாக்காளர் தம் தீர்ப்பைத் திருத்தி எழுத முடிந்தது. எங்கள் மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. தொகுதி எல்லை அறிக்கையை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தோற்கடித்தது. எதிராக 139, ஆதரவாக ஒன்றுகூட இல்லை, கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். சபையின் காலம் முடிந்ததிலிருந்து ஆளுநர் ஆட்சிதான். மயிலத்தமடு மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் உட்கார்ந்த மாட்டுக்காரர்களுக்குப் பேச ஒரு மாகாணக் காணி அமைச்சர் இருக்கவில்லை.

இத்தனை சொன்ன பிறகு என்னிடமும் ஆரூடம் கேட்பார்கள். ஒன்று சொல்கிறேன்: மாகாண சபைத் தேர்தல் என்றைக்கு நடந்தாலும், பழைய விகிதாசார முறையே இருந்தால், தேவையான 19 எந்தத் தனிக் கட்சிக்கும் கிடைக்காது. 2012இல் பதினொன்றும் ஏழும் சேர்ந்தே பதினெட்டுத்தான். முதலமைச்சர் யார் என்பது வாக்கு எண்ணி முடிந்த பிறகு, தமிழ்க் கட்சியும் முஸ்லிம் கட்சியும் பேசும் அறையில்தான் தீரும். அந்தப் பேச்சு 2012இலும் 2015இலும் எப்படி நடந்தது என்பது அடுத்த வாரம்.