பூட்டாமல் விட்ட ஒரு கணினி

வீட்டுக் கணினியின் பொத்தானை அழுத்திவிட்டு, அது விழித்துக்கொள்வதற்குள் ஒரு கோப்பை மைலோ கலக்கிக் குடித்து முடித்துவிடுகிறீர்களா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தக் கணினியில்தான் நீங்கள் பள்ளி ஒப்படைப்புகளைச் செய்கிறீர்கள். தம்பி விளையாடுகிறான். அப்பா வங்கிக் கணக்கைப் பார்க்கிறார். அம்மா சிங்பாஸ் வழியாக அரசாங்கச் சேவைகளைப் பெறுகிறார். பாட்டிக்குப் பலதுறை மருந்தகத்தில் முன்பதிவு செய்வதும் அதே கணினியில்தான். அது பழுதானால் எல்லோரும் யாரைக் கூப்பிடுகிறார்கள்? பெரும்பாலும் உங்களைத்தான். ஆகவே உங்கள் வீட்டின் தகவல் தொழில்நுட்ப அதிகாரி நீங்களே!

“வீட்டில் இருக்கும் ஒரு கணினியால் என்ன பெரிதாக நடந்துவிடப் போகிறது?” என்று கேட்கலாம். ஒரே ஒரு கணினியில் தொடங்கிய கதை ஒன்று நம் சிங்கப்பூரிலேயே உண்டு.

சிங்ஹெல்த்தில் நடந்தது என்ன?

2018 ஜூலை 20ஆம் தேதி ஒரு செய்தி நாட்டையே உலுக்கியது. சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து ஏறக்குறைய 1.5 மில்லியன் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி போன்ற விவரங்கள் திருடப்பட்டிருந்தன. ஏறத்தாழ 160,000 பேருக்கு வழங்கப்பட்ட மருந்துகளின் விவரங்களும் போயின. அவர்களில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கும் ஒருவர். நாட்டின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், சுமார் நால்வரில் ஒருவர் என்ற கணக்கு.

அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழு 2019 ஜனவரியில் தன் அறிக்கையை வெளியிட்டது. ஊடுருவியவர்கள் மிகுந்த திறமைசாலிகள் என்பதை அது மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் நுழைந்த சில வழிகள் மிகச் சாதாரணமானவை. 2017 ஆகஸ்ட் வாக்கில், பெரும்பாலும் ஒரு போலி மின்னஞ்சல் வழியாக, ஊழியர்கள் பயன்படுத்தும் கணினிக்குள் தீநிரல் புகுந்தது. அந்த ஆண்டு டிசம்பரில், கணினி ஒன்றிலிருந்த அவுட்லுக் மின்னஞ்சல் மென்பொருளின் ஓட்டை வழியாக ஊடுருவிகள் தங்கள் கருவியை நிறுவினர். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் ஏற்கெனவே வெளிவந்திருந்தது. ஆனால் அந்தக் கணினியில் அது நிறுவப்படவில்லை.

அடுத்து, வழியில் இருந்த ஒரு சர்வரின் நிர்வாகிக் கணக்கு. அதன் மறைச்சொல் என்ன தெரியுமா? ‘பாஸ்வேர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லேதான்! ‘ஏ’ எழுத்துக்குப் பதிலாக மின்னஞ்சல் முகவரியில் வரும் ‘அட்’ குறி, ‘ஓ’ எழுத்துக்குப் பதிலாகப் பூஜ்யம். அவ்வளவுதான்.

புதுப்பிப்பை ஏன் தள்ளிப்போடக் கூடாது?

ஒரு மென்பொருளில் மில்லியன் கணக்கான வரிகள் இருக்கலாம். எழுதியவர்கள் மனிதர்கள், தவறுகள் இருக்கத்தான் செய்யும். தவறு தெரிந்ததும் நிறுவனம் திருத்தத்தை வெளியிடும. இங்கே ஒரு சிக்கல் உண்டு. திருத்தம் வெளிவந்தவுடன், ஓட்டை எங்கே இருந்தது என்பது திருடர்களுக்கும் தெரிந்துவிடுகிறது. அதன்பிறகு புதுப்பிக்காத கணினிகளைத் தேடிப் பிடிப்பதுதான் அவர்கள் வேலை.

2017 மார்ச் 14ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் ஒரு திருத்தத்தை வெளியிட்டது. மே 12ஆம் தேதி, அதே ஓட்டையைப் பயன்படுத்தி ‘வான்னகிரை’ என்ற தீநிரல் உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டிஷ் மருத்துவமனைகள் திணறின. இங்கே தியோங் பாரு பிளாசா கடைத்தொகுதியின் மின்னிலக்கத் தகவல் பலகையும் பாதிக்கப்பட்டது. திருத்தத்துக்கும் தாக்குதலுக்கும் இடையே கிட்டத்தட்ட இரண்டு மாத அவகாசம் இருந்தது. “பிறகு நினைவூட்டு” என்ற பொத்தானை அழுத்தியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

உங்கள் கணினியில் தானியங்கிப் புதுப்பிப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 10 வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதற்கான வழக்கமான இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நின்றுவிட்டன.

மறைச்சொல்லில் ஒரு கணக்கு

எட்டுச் சிறிய ஆங்கில எழுத்துகள் கொண்ட மறைச்சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் இடத்திலும் 26 வாய்ப்புகள். 26ஐ எட்டு முறை ஒன்றோடொன்று பெருக்கினால் ஏறத்தாழ 209 பில்லியன். பெரிய எண்ணாகத் தெரிகிறது அல்லவா? ஆனால் நொடிக்கு 10 பில்லியன் முறை முயலும் ஓர் இயந்திரம் இருந்தால், 21 நொடிகளில் எல்லாவற்றையும் முயன்று முடித்துவிடும். அதே எழுத்துகள் 16 ஆனால்? சுமார் 138,000 ஆண்டுகள்!

ஒரு நிபந்தனை உண்டு. எழுத்துகள் எந்த ஒழுங்கும் இன்றி அமைந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். ‘பாஸ்வேர்ட்’ போன்ற சொற்களும், அவற்றில் எழுத்து மாற்றிய வடிவங்களும் திருடர்களின் பட்டியலில் முதல் பக்கத்திலேயே இருக்கும். ஆகவே நீளமும் வேண்டும், யாரும் ஊகிக்க முடியாத தன்மையும் வேண்டும். உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு நினைவிலிருந்து ஐந்து சொற்களைக் கோத்துக்கொள்ளுங்கள். தேக்காவில் மழை பெய்த நாளில் பாட்டி குடையைத் தொலைத்தது போன்ற ஒரு நினைவு. (இதையே வைத்துவிடாதீர்கள், இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது!) ஒரு கணக்கின் மறைச்சொல்லை இன்னொன்றுக்குப் பயன்படுத்தாதீர்கள். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இருந்தால் அதையும் இயக்கிவிடுங்கள்.

அன்றாடப் பயன்பாட்டுக்கு நிர்வாகிக் கணக்கு வேண்டாம். தம்பிக்கும் பாட்டிக்கும் தனித்தனியாகச் சாதாரணக் கணக்குத் தொடங்கிக் கொடுங்கள். அவர்கள் தவறி எதையாவது அழுத்தினாலும், தீநிரலுக்கு வீட்டின் எல்லாச் சாவிகளும் கிடைத்துவிடாது.

மெதுவாவது ஏன்?

லிட்டில் இந்தியாவில் பூக்கடையைப் பார்த்திருப்பீர்கள். மாலை கட்டுபவர் முன்னால் ஒரு சிறிய மேசை. இப்போது கட்டும் பூக்கள் அதில் இருக்கும். மற்றவை உள்ளே குளிர்பதனப் பெட்டியில். மேசை நிறைந்துவிட்டால் அவர் அடிக்கடி எழுந்து உள்ளே போய்வர வேண்டும், மாலை தாமதமாகும். கணினியின் ‘ராம்’ நினைவகம்தான் அந்த மேசை. ஹார்ட் டிஸ்க், குளிர்பதனப் பெட்டி. உலாவியில் முப்பது பக்கங்களைத் திறந்து வைத்தால் மேசை நிரம்பிவிடும். கணினி ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஓடுகிறது.

உள்ளே போய்வர எவ்வளவு நேரம்? பழைய ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும். 60 நொடியை 7,200ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. தேவையான இடம் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஏறக்குறைய 4 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். ‘எஸ்எஸ்டி’ சேமிப்பகத்தில் சுழலும் பாகமே இல்லை. சுமார் 0.1 மில்லிநொடியில் தரவு கிடைத்துவிடும். பழைய கணினிக்கு எஸ்எஸ்டி பொருத்தினால் புதியதுபோல் ஓடுவதன் ரகசியம் இதுதான். புதுக் கணினி கேட்டு அடம்பிடிக்கும் முன், சிம் லிம் ஸ்குவேர் போன்ற இடங்களில் பெற்றோருடன் போய் இதன் விலையை விசாரித்துப் பாருங்கள்.

செலவில்லாத வழியும் உண்டு. கணினியை இயக்கியதும் தானாகவே தொடங்கும் செயலிகளின் பட்டியலைத் திறந்து, தேவையற்றவற்றை நிறுத்துங்கள். “உங்கள் கணினியில் நூற்றுக்கணக்கான வைரஸ்கள்! உடனே சுத்தம் செய்யுங்கள்!” என்று மிரட்டும் விளம்பரங்களை நம்பாதீர்கள். பல நேரங்களில் அவைதான் தீநிரல். விண்டோஸுடன் சேர்ந்தே வரும் டிஃபெண்டர், புதுப்பித்த நிலையில் இருந்தால், சாதாரண வீட்டுப் பயன்பாட்டுக்குப் போதும்.

தூசும் ஒரு பகைவன்தான்

இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரிந்தே இருக்கிறது. கணினியின் செயலி சூடாகும். மின்விசிறி அந்தச் சூட்டை வெளியேற்றும். உலோகத் தகடுகளுக்கிடையே தூசு படிந்தால் அது போர்வை போலாகிவிடும். சூடு ஓர் அளவைத் தாண்டினால், தன்னைக் காத்துக்கொள்ளச் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நண்பகல் வெயிலில் ஓடும்போது நீங்கள் வேகத்தைக் குறைப்பதில்லையா, அதுபோலத்தான்.

சுத்தம் செய்யும் முன் கணினியை அணைத்து மின்கம்பியைக் கழற்றுங்கள். காற்றுத் துளைகளை மெல்லிய தூரிகையால் துடையுங்கள். அழுத்தக் காற்றுக் குப்பியைப் பயன்படுத்தினால், விசிறி இறக்கை சுழலாமல் பிடித்துக்கொண்டு விட்டு விட்டு ஊதுங்கள். வீட்டுத் தூசு உறிஞ்சி வேண்டாம். அது உண்டாக்கும் நிலைமின்சாரம் நுண்பாகங்களைக் கெடுக்கலாம். மின்வழங்கிப் பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள். கம்பியைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்னூட்டம் தேங்கியிருக்கும். மடிக்கணினியை மெத்தைமேல் வைத்துப் பயன்படுத்துவதையும் தவிர்த்துவிடுங்கள்.

இந்தச் சனிக்கிழமை செய்து பாருங்கள்

1. எல்லாப் புதுப்பிப்புகளையும் நிறுவி, கணினியை மீண்டும் தொடங்குங்கள்.
2. ஓராண்டாகத் தொடாத செயலிகளை நீக்குங்கள்.
3. மின்னஞ்சல் கணக்கின் மறைச்சொல்லை முதலில் மாற்றுங்கள். மற்றக் கணக்குகளின் மறைச்சொற்களை மீட்க உதவும் கணக்கு அதுதான்.
4. முக்கியக் கோப்புகளையும் குடும்பப் படங்களையும் வெளிச் சேமிப்பகத்தில் நகலெடுத்து, உடனே அதைக் கழற்றி வையுங்கள். இணைத்தே வைத்திருந்தால் வான்னகிரை போன்றவை அதையும் பூட்டிவிடும்.
5. வைஃபை ரௌட்டரின் மென்பொருளையும் புதுப்பியுங்கள். சிங்கப்பூரில் விற்கப்படும் வீட்டு ரௌட்டர்கள் இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தின் முதல் நிலையையாவது எட்ட வேண்டும் என்ற விதி 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

சொல்லத் தயங்காதீர்கள்

சிங்ஹெல்த் கதையின் முடிவைச் சொல்லவில்லையே! 2018 ஜூலை 4ஆம் தேதி, தரவுத்தளத்தைக் கவனித்துவந்த ஓர் ஊழியர், வழக்கத்துக்கு மாறான கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். அலட்சியம் செய்யாமல் அதை நிறுத்தினார். திருட்டு அன்றோடு நின்றது. ஆனால் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே வேறு சில அறிகுறிகள் சிலர் கண்ணில் பட்டிருந்தன. அவை உரிய நேரத்தில் மேலே போய்ச் சேரவில்லை. ஊழியர்கள் தாக்குதலை அடையாளம் கண்டு உடனடியாகத் தெரிவிக்கத் தவறியதையும் விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது.

இது வீட்டுக்கும் பொருந்தும். தம்பி ஏதோ ஒரு விளையாட்டைப் பதிவிறக்கிவிட்டான், பாட்டி ஏதோ ஓர் இணைப்பை அழுத்திவிட்டார் என்றால், திட்டு விழும் என்ற பயத்தில் அவர்கள் மறைக்கக் கூடாது. “என்ன ஆனாலும் உடனே என்னிடம் சொல்லுங்கள், நான் கோபப்பட மாட்டேன்” என்று இன்றே அவர்களிடம் சொல்லிவையுங்கள். மோசடியோ என்ற சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை அழையுங்கள். பணம் போயிருந்தால் வங்கியை முதலில் அழையுங்கள்.

அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டியது உங்கள் பொறுப்பு. தம்பி வந்து சொல்லும்போது உண்மையிலேயே கோபப்படாதீர்கள்!