சாந்தோம்: கல்லறையும் அதிகாரமும்

தரமணியிலிருந்து சாந்தோம் பக்கம் போகும்போதெல்லாம் யாராவது அந்த வெள்ளைக் கோபுரத்தைக் காட்டி, "ரெண்டாயிரம் வருஷத்துக் கோயில் சார்" என்பார்கள். நாம் பார்ப்பது போர்ச்சுகீசியர் கட்டிய பழைய கோயிலை 1893இல் இடித்துவிட்டு எழுப்பி, 1896இல் அர்ச்சிக்கப்பட்ட கட்டடம். அப்படியென்றால் எதைப் பழமை என்கிறோம்? கல்லறையை. அந்தக் கல்லறை யார் கையில் இருந்தது என்பதுதான் இக்கோயிலின் வரலாறு என்று எனக்குப் படுகிறது.

தோமா இங்கே வந்தார் என்பது நம்பிக்கை. வரலாற்றாசிரியர்கள் இதில் ஒருமித்ததில்லை. ஆனால் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ சொல்வது முக்கியமானது. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இங்கே யாத்திரை வந்தார்கள். நோயாளிகளுக்குக் கொடுக்க இந்த இடத்து மண்ணை எடுத்துப் போனார்கள் என்கிறார். இன்ன மதத்தானுக்குத்தான் என்று அந்த மண்ணுக்குப் பட்டா இருக்கவில்லை.

பட்டா போர்ச்சுகீசியரோடு வந்தது. 1523இல் கல்லறையைத் தோண்டிக் கோயில் கட்டினார்கள். இதற்குப் பின்னால் இருந்த ஏற்பாட்டின் பெயர் 'பத்ரோவாதோ'. கீழைநாடுகளில் கோயில் கட்டுவதும் குருக்களை அனுப்பிப் பராமரிப்பதும் போர்ச்சுகல் அரசரின் பொறுப்பு. பதிலுக்கு ஆயர்களை முன்மொழியும் உரிமை அவருக்கு. அதன்படி 1606இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் உருவானது.

வேடிக்கை இதற்குப் பிறகுதான். 1662இல் கோல்கொண்டா படை சாந்தோமைப் பிடித்தது. 1749இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கோட்டை போயிற்று, பீரங்கி போயிற்று. ஆயரை முன்மொழியும் உரிமை மட்டும் போகவில்லை. இன்னொரு பக்கம், 1642 முதலே கோட்டைக்குள் பிரெஞ்சுக் கப்புச்சின் துறவிகள் ரோமாபுரியின் நேரடி அதிகாரத்தில் இயங்கினார்கள். ஆக, ஒரே ஊர், ஒரே பூசை, ரெண்டு எஜமானர்கள். சண்டை வேதத்தைப் பற்றியதல்ல, ஆளுகை எல்லையைப் பற்றியது. 1886இல் ரோமும் லிஸ்பனும் ஒப்பந்தம் போட்டு எல்லை பிரித்துக்கொண்டபோதும் மயிலாப்பூர் லிஸ்பன் பங்கிலேயே நின்றது.

1947இல் நாம் விடுதலை பெற்றோம். மயிலாப்பூர் ஆயர் நியமனத்தில் போர்ச்சுகலுக்கு இருந்த உரிமை 1950இல்தான் கைவிடப்பட்டது! 1952இல் இரண்டு ஆளுகைகளும் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டமாக இணைந்தன. காலனியம் கொடி இறங்கியதும் முடிந்துவிடுகிற விஷயமல்ல. அது ஆவணங்களிலும் நியமனங்களிலும் தங்கிவிடுகிறது.

கோயிலுக்குப் பின்னால் கடலைப் பார்த்து ஒரு கம்பம் நிற்கிறது. கடல் இதைத் தாண்டாது என்று தோமா நட்டாராம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, 'பார்த்தீங்களா, தாண்டலையே' என்ற பேச்சு பரவலாகக் கேட்டது. அதே அலை, தெற்கே கூப்பிடு தூரத்தில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் மீனவர் குடிசைகளை வாரிக்கொண்டு போனது. நம்பிக்கையை நான் கேலி செய்யவில்லை. அற்புதத்தின் எல்லைக்கு வெளியே யார் வீடு இருந்தது என்றுதான் கேட்கிறேன்.

அரசர் போனார், ஆயர்கள் மாறினார்கள். எல்லைக் கோடு மட்டும் புதுசு புதுசாகப் போடப்படுகிறது. இந்தக் கோயிலின் வரலாற்றை ஆயர்களின் பட்டியலிலிருந்து எழுதிவிட்டோம். பட்டா இல்லாமல் எல்லோரும் அள்ளிப் போன அந்த மண்ணிலிருந்து ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும்.