புகிஸ் முஸ்லிம்களிடையே 'பிஸ்ஸு': இவர்கள் யார்?

"ஐந்து பாலினங்களை ஏற்றுக்கொண்ட முஸ்லிம் சமூகம்" என்றொரு தகவல் சமூக ஊடகங்களில் அடிக்கடி பகிரப்படுகிறது. சிலர் இதனை மேற்குலகின் கட்டுக்கதை என்கின்றனர். வேறு சிலரோ இஸ்லாம் இதனை அங்கீகரித்தமைக்கு இதுவே ஆதாரம் என்கின்றனர். உயர்தர வகுப்பு மாணவர்கள் இதுபற்றிக் கேட்டால், இரண்டுமே பிழை என்று சொல்லித்தான் நான் விளக்கத் தொடங்குவேன்.

இந்தோனேசியாவின் தென் சுலாவெசியில் வாழும் புகிஸ் மக்கள் பற்றிய தகவல் அது. (1767இல் ஒல்லாந்தர் இலங்கைக்கு நாடுகடத்திய கோவா மன்னர், இவர்களின் அயலவரான மக்காசார் இனத்தைச் சேர்ந்தவர்.) புகிஸ் மொழியில் ஆண், பெண் தவிர மேலும் மூன்று பெயர்கள் உள்ளன. பெண்ணாகப் பிறந்து ஆண்களின் உடையையும் தொழிலையும் மேற்கொள்பவர் சலலாய். ஆணாகப் பிறந்து பெண்களைப் போல் வாழ்பவர் சலபாய். கல்யாண வீடுகளில் மணப்பெண் அலங்காரம் முதல் சமையல் வரை பெரும்பாலும் இவர்கள் பொறுப்பு.

ஐந்தாமவரே பிஸ்ஸு. ஆணும் பெண்ணும் ஒருவரிலேயே சேர்ந்திருப்பதாகக் கருதப்படுவதால், மேலுலகத்தோடு பேசக்கூடியவர் என்று நம்பப்பட்டவர். ஆணைப் போல் இடுப்பில் கிரிஸ் கத்தியும், பெண்ணைப் போல் தலையில் பூவும் அணிவார். அரண்மனையின் புனிதச் சின்னங்களைக் காப்பதும், முடிசூட்டு விழாவை நடத்துவதும் இவரது கடமை. ஆக, பிஸ்ஸு என்பது அடையாளம் மட்டுமல்ல, ஒரு பதவி. உயர்குலப் பெண்களும் அப்பதவியில் இருந்துள்ளனர். புகிஸ் காவியமான 'லா கலிகோ'வில் நாயகன் சவெரிகாடிங்கின் இரட்டைச் சகோதரியே ஒரு பிஸ்ஸுதான்.

'தூய்மை' எனப் பொருள்படும் 'பெஸ்ஸி' என்ற புகிஸ் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்பர். நாம் நன்கறிந்த 'பிக்கு' என்ற சொல்லோடு தொடர்புபடுத்துவோரும் உண்டு. எப்படியாயினும், இது இஸ்லாத்துக்கு முந்திய அரசவை மரபு. அப்பிரதேச மன்னர்கள் இஸ்லாத்தைத் தழுவியது 1605க்கும் 1611க்கும் இடையில்தான். அதன் பின்னரும் பிஸ்ஸுக்கள் ஒழிந்துவிடவில்லை. அவர்களில் பலர் தம்மை முஸ்லிம்களாகவே கருதினர். ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் பிஸ்ஸுவின் ஆசியைப் பெற்றுச் செல்லும் வழக்கத்தை மானுடவியலாளர் ஷரின் கிரஹாம் டேவிஸ் பதிவுசெய்துள்ளார். இதனை மார்க்கத்தின் அங்கீகாரம் என்று கூற முடியாது. பழைய வழக்கமும் புதிய மார்க்கமும் ஒரே வீட்டில் குடியிருந்தன, அவ்வளவே.

அந்த நிலை 1950களில் மாறியது. கஹார் முஸக்கர் தலைமையிலான தாருல் இஸ்லாம் கிளர்ச்சியாளர்கள் பிஸ்ஸுக்களை வேட்டையாடினர். அடுத்த தசாப்தத்திலும் அது தொடர்ந்தது. சடங்குப் பொருட்கள் எரிக்கப்பட்டன, கடலில் வீசப்பட்டன. பலர் கொல்லப்பட்டனர், எஞ்சியோர் ஆண்களாக வாழ வற்புறுத்தப்பட்டனர். இதற்கு வைத்த பெயர் 'ஒபெராசி தோபா', அதாவது தவ்பா நடவடிக்கை. சடங்குகளில் உடன்படாதிருப்பது வேறு, கத்திமுனையில் தவ்பா கேட்பது வேறு. இரண்டாவதற்கு மார்க்கத்தில் என்ன ஆதாரம் என்பதை உலமாக்கள்தான் சொல்ல வேண்டும்.

இதற்கிடையில் மன்னராட்சியும் மறைந்ததால் பிஸ்ஸுக்களைப் பராமரிக்க அரண்மனைகளும் இல்லாமற் போயின. இன்று செகெரி போன்ற சில ஊர்களில் எஞ்சியிருக்கும் ஒரு சிலர், நெல் விதைப்புக்கு முன்னரான 'மப்பலிலி' சடங்கை நடத்துகின்றனர். அவர்களின் இடத்துக்கு வர இளைஞர்கள் முன்வருவது அரிது.